வெப்பத்தீவு மாடலுக்கு எந்த நாளின் வானிலையை எடுப்பது?

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் வெப்பத்தீவு விளைவைப் பார்க்க, சென்னை தி.நகரில் ஒரு தெருவை என்வி-மெட் (ENVI-met) என்ற நுண்வானிலை மென்பொருளில் மாடல் செய்கிறேன், 48 மணி நேர ஓட்டம். எந்த நாளின் வானிலையைக் கொடுப்பது என்பதில் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது மீனம்பாக்கம் விமான நிலைய மணிவாரிப் பதிவு. (அதுவும் இப்போது ஊருக்குள்தான்!)

முதலில் மே மாதத்தின் உச்ச வெயில் நாளைப் போட்டேன். மேற்கிலிருந்து காற்று அடித்துக் கடற்காற்றே வராத நாள். தெரு, திறந்தவெளி எல்லாம் ஒரே கொதி. அடுத்து மேகமில்லாத, காற்று 2 மீ/விநாடிக்குக் குறைந்த பிப்ரவரி இரவு. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் "இதில் கோடை எங்கே?" என்றார் கைடு. மே மாதச் சராசரியைக் கொடுத்தால், கடற்காற்று நுழைந்ததும் சட்டென்று இறங்கும் வெப்பநிலை மழுங்கிப்போகிறது.

கடலோர நகரத்துக்குக் கோடை நாளைத் தேர்ந்தெடுக்க, கடற்காற்று வரும் நேரத்தை முதல் வடிகட்டியாக வைக்கலாமா?