ஆயிரம் மரக்கன்று: நடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

தலைவர் மாமாவுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் மற்ற சொந்தங்களுக்கும் வணக்கம்.

பழனி மலையில் நம் ஊருக்கு மேலே இருக்கும் புல்மேட்டில் சங்கத்தின் பெயரில் ஆயிரம் மரக்கன்று நடப்போவதாகவும், துபாய், சிங்கப்பூர் பக்கமிருந்து பணம் வர ஆரம்பித்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். என் பங்கையும் அனுப்புகிறேன். ஆனால் அந்த மேட்டில் மரம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மலைக்காரன் இப்படிப் பேசுவதற்குக் காரணம், நான் பிழைக்க வந்த மொரிஷியஸ் கடற்கரை.

இந்தத் தீவைச் சுற்றிப் பவளப்பாறை. கரையில் கிடக்கும் வெள்ளை மணல் பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டானது. போனால் லேசில் திரும்பாது. முன்பெல்லாம் கட்டட வேலைக்குப் பாறைக்கு உட்பக்கக் கடலிலேயே மணல் அள்ளினார்கள்; 2001-ல் தடை வந்தது. கரை நெடுகச் சவுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் பிரியாணிச் சட்டியோடு குடும்பம் குடும்பமாக அந்த நிழலுக்கு வந்துவிடுவார்கள். (தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விட்டுக் காவடி எடுக்கிற ஊர் இது, பழனிக்குப் பக்கத்து மலை என்று சொன்னால் நமக்குத் தனி மரியாதை.)

சவுக்கு நிழல் நல்லதுதான், கரைக்குத்தான் ஆகவில்லை. உதிர்கிற ஊசி இலை மெத்தையாகப் படிந்து கீழே ஒரு கொடியையும் முளைக்க விடுவதில்லை. வேரும் பெரும்பாலும் மேலாகவே ஓடுகிறது. புயல் அலை வந்து அறுக்கும்போது கரை படிக்கட்டு மாதிரி செங்குத்தாக வெட்டுப்படும், வேர் வெளியே தொங்கும், அடுத்த புயலில் மரம் மண்ணோடு சாயும். கல்சுவர் கட்டிய விடுதிகளின் கதை இன்னும் மோசம். சில இடங்களில் மணல் போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது.

மணல்மேடு கடற்கரையின் குதிர். புயலில் அலை மணலை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கடியில் போட்டுவைக்கும். கடல் அடங்கிய மாதங்களில் அதே அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தள்ளும். காய்ந்த மணலைக் காற்று மேலே ஏற்றும். மேலே ஏறிய மணல் நிற்க வேண்டுமானால் அங்கே தாழ்ந்த செடி கொடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டுக்குப் போய்விடும்.

மேட்டை மீட்கும் வேலை எப்படி நடக்கிறது என்றால், முதலில் செடியே நடுவதில்லை. கயிறு கட்டி ஆள் மிதிக்காமல் தடுத்து, கடலுக்குப் போக ஒரே ஒரு பலகைப் பாதை விடுகிறார்கள். காற்றுக்குக் குறுக்கே குச்சிகளையோ தென்னை ஓலையையோ வரிசையாக ஊன்றினால் அதன் அடியில் மணல் சேரத் தொடங்கும். அப்புறம்தான் அடும்பு. ராமேஸ்வரம் மணலில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்குமே, அதே கொடி. மூன்று நான்கு கணு வருகிற மாதிரி வெட்டி, மழைக்கு முன்னால் நுனி மட்டும் தெரியப் புதைக்கிறார்கள். மணல் மூடினால் அது சாவதில்லை. மூடிய கணுவில் வேர்விட்டு மேலே ஏறி வருகிறது. மேடு உயர உயரக் கொடியும் உயர்கிறது. சவுக்கு இப்படிப் படர்வதில்லை. அதற்காகச் சவுக்கை ஒரேயடியாக வெட்டினால் ஜனங்கள் விடமாட்டார்கள், அதுவும் நியாயம்.

இனி நம் மேடு. அங்கேயும் மரம் இல்லை, தாழ்ந்த புல்தான் காவல். அங்கே ஏன் மரம் இல்லை என்று யாராவது யோசித்தீர்களா? யாரோ வெட்டிவிட்டதால் இல்லை. மார்கழி, தை உறைபனியில் வெட்டவெளியில் நிற்கிற சோலைக் கன்று (மலை மடிப்பில் அடர்ந்து நிற்கும் நம் காட்டு மரத்தின் கன்று) கருகிவிடும். புல்லுக்குக் குருத்து அடித்தூரில் இருப்பதால் அது பனியையும் தீயையும் தாண்டித் தழைக்கும். அதனால்தான் மடிப்புகளில் சோலை, முதுகில் புல் என்று மலை தானே பிரித்து வைத்திருக்கிறது. அந்த முதுகை வெற்றிடம் என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரன் காலம் தொட்டுச் சீகை என்கிற வெளிநாட்டு வாட்டில் மரமும் தைல மரமும் பைனும் நட்டார்கள். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இப்படி நட்ட மரக்காடும் விவசாயமும்தான் தின்றன; நம் பூண்டுக்காடும் அதில் சேர்த்தி.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் புல்வெளி ஓடைப் பகுதி ஒன்றில் தைல மரம் வைத்து அளந்தார்கள். முதல் பத்து வருஷத்திலேயே ஓடையில் வருகிற தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. கோடையில் மேல ஊற்று வற்றுகிறது என்று புலம்புகிற நாம், அதன் தலைமாட்டிலேயே ஆயிரம் மரம் வைக்கப் பார்க்கிறோம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தப் பணத்தைச் சீகை பிடுங்கக் கொடுங்கள். போன தடவை வந்தபோது பார்த்தேன்: மேட்டின் கீழ் ஓரத்தில் முழங்கால் உயரக் கன்றுகள் புல்லுக்குள் ஏறி வருகின்றன. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது கையால் இழுத்தால் வேரோடு வரும். வளர விட்டு அப்புறம் வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். நம் ஊர்ப் பெண்களுக்கே கூலி கொடுத்துச் செய்யலாம். விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடப்பதால் ஒரு தரம் பிடுங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிட முடியாது, வருஷா வருஷம் போக வேண்டும். ஆனால் சோலையை ஒட்டிய பழைய சீகைக் காட்டைத் தொடாதீர்கள். அதன் நிழலில் சோலைக் கன்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. மொட்டையடித்து வெயில் விழுந்தால் சீகைதான் முதலில் கிளம்பும். மேட்டில் மண் சொட்டையான இடத்துக்கு மட்டும், பக்கத்துப் புல்லைத் தூர் பிரித்துப் பையில் வளர்த்து மழைக்கு முன் நட்டால் போதும்.

இதில் மரம் நட்ட திருப்தி கிடைக்காது, பெயர்ப் பலகை வைக்கவும் தோது இல்லை. சிங்கப்பூர்ச் சித்தப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. அந்த இடம் வருவாய்ப் புறம்போக்கா, வனத்துறை நிலமா என்று சர்வே எண்ணை வைத்து விஏஓவிடம் கேட்டுவிடுங்கள். 2013-லேயே கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தாகிவிட்டது. வனத்துறை நிலமாக இருந்தால் நடுவதற்கும் பிடுங்குவதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும்.

நாற்றுப் பண்ணைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதா, அண்ணே? கொடுத்திருந்தால் அந்தக் கன்றுகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாண்ட் ஓரத்துக்கும் வாங்கிக்கொள்ளலாம். அங்கே நிழல் வேண்டியதுதான்.

மேலத்தெருவிலிருந்து மொரிஷியஸ் வந்த உங்கள் தம்பி