மறு: கலைச்சொல் வேண்டல் – குளிர்காலப் பண்டிகைக்கென்று அடும் பியர்

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்காலப் பண்டிகைக்கென்று அடும் (ஆக்கும்) பியருக்குத் தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். என் மறுப்பையும் மாற்றுச் சொல்லையும் எழுதுகிறேன்.

> கிறிஸ்துமஸ் பியர் என்றே வைக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் டென்மார்க்கில் இதன் பெயர் யூலெப்ரிக். அதிலுள்ள 'யூல்' கிறித்தவம் அங்கே போய்ச் சேருமுன்பே இருந்த நடுக்குளிர் விழா. மேற்கு நார்வேயின் பழைய குலாதிங் சட்டம் யூலுக்கு ஏல் என்னும் பியர் வகையை அடுவதை உழவர்களின் கடமையாகவே வைத்தது. தவறியவர் தண்டம் கட்ட வேண்டும். பண்டிகையின் பெயர் மாறியும் பருவம் மாறவில்லை. சொல்லைப் பருவத்தின்மேல் கட்டினால் நிற்கும்.

> மணத்தோப்பி? பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் எல்லாம் போடுகிறார்களே. பிஜேசிபி (பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம்) வழிகாட்டியும் மணப்பொருள் பியர் வகுப்பில்தான் வைத்திருக்கிறது.

தோப்பி என்ற சொல்லைக் கீழே விளக்குகிறேன். வழிகாட்டி பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது போட்டிக்கு வரும் பியர்களை நடுவர்கள் பிரித்துக்கொள்வதற்கான ஏற்பாடு. கலிபோர்னியாவில் சியரா நெவாடா ஆலை 1981 முதல் செய்துவரும் செலிப்ரேஷன் பியரில் மணப்பொருளே கிடையாது. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவை அந்தந்த ஆண்டு பறித்துப் போடும் மணம்தான். சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஏலுக்கு ஒவ்வோர் ஆண்டும் பக்குவத்தை மாற்றியது, பாட்டில் சீட்டில் அச்சிடும் மரப் படத்தையும் மாற்றியது. ஆஸ்திரியாவில் எக்கன்பெர்க் ஆலையின் சாமிக்ளவுஸ் பியர் இன்னொரு கோடி: புனித நிக்கலஸ் நாளான டிசம்பர் 6 அன்று, ஆண்டுக்கு ஒரே முறை அடுகிறார்கள். மாதக்கணக்கில் குளிரில் கிடந்து முதிர்ந்து, அடுத்த குளிர்காலத்துக்குத்தான் வெளியே வருகிறது. ஆல்கஹால் 14 விழுக்காடு. டென்மார்க்கின் டூபோர்க் ஆலையின் யூலெப்ரிக் வெறும் 5.6. இந்த நான்கையும் ஒரே பெயரில் சேர்ப்பது காலம் ஒன்றுதான்.

> பனிபியர் அழகாக இருக்கிறது.

அழகுதான், ஆனால் ஆபத்து. ஐஸ்பாக் என்று ஒரு ஜெர்மன் வகை உண்டு. பியரை உறையவைத்து, பனிக்கட்டியான நீரை நீக்கிவிட்டு, எஞ்சிய செறிவை எடுப்பார்கள். பனிபியர் என்ற சொல்லை அதற்கென்று விட்டுவைப்போம்.

என் பரிந்துரை: கூதிர்த்தோப்பி. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை சேர்ந்த குளிர்ப்பருவம்.

தோப்பி என்றால் நெல்லால் ஆக்கிய கள். பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்ளின் தோப்பி' என்று வருகிறது. தென்னை, பனையில் இறக்குவதைக் கள் என்கிறோம். தானியத்தில் ஆக்குவதற்குத் தனிச்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே பாட்டில் செய்முறையும் உண்டு: அரிசிக் களியைத் துழாவி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவிட்டு, 'நல்லடை' கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளையவிடுகிறார்கள். நல்லடை என்பதற்கு நெல்முளை என்று உரை சொல்கிறது. முளைகட்டிய தானியத்தின் நொதி மாவைச் சர்க்கரையாக்கும், அப்புறம்தான் அது புளிக்கும். பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்குவதும் இதற்காகத்தான். இவ்வளவு பொருந்தும் சொல்லை அகராதியிலேயே உறங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

வினைக்கும் 'அடு' போதும். காய்ச்சுதல், வடித்தல் இரண்டுமே இன்று சாராயத்தை நினைவூட்டுகின்றன. பியரைக் காய்ச்சி ஆவி பிடிப்பதில்லை.

> ஏன் கூதிர்? டிசம்பர் இறுதி என்றால் முன்பனி அல்லவா?

நல்ல கேள்வி, நானும் இதில் தயங்கினேன். மார்கழி, தை முன்பனிதான். ஆனால் இந்த பியர்கள் கடைக்கு வருவது பண்டிகைக்கு வெகு முன்பே. டென்மார்க்கில் நவம்பர் முதல் வெள்ளி இரவு 8:59க்கு யூலெப்ரிக் வெளியாகும். அது ஐப்பசி, கூதிர்க்காலம். குடிக்கத் தொடங்குவது கூதிரில், முடிவது முன்பனியில். தொடக்கத்தை வைத்துப் பெயரிடுவது முறை.

கூதிர் யாருக்குத் தெரியும் என்ற தயக்கத்துக்கும் பதில் உண்டு. 'கூதலடிக்கிறது' என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அந்தக் கூதலும் இந்தக் கூதிரும் ஓரினம். குளிர்கால பியர் என்றால் குளிரவைத்துக் குடிப்பது என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். இவற்றில் வலுவான பலவற்றை அதிகம் குளிரவைக்காமல்தான் குடிக்கிறார்கள், குளிர்ந்தால் மால்ட்டின் மணம் எழாது.

கைவினை பியர் (கிராஃப்ட் பியர்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். கைவினை என்றதும் மண்பொம்மையும் பாயும் நினைவுக்கு வருகின்றன. சிற்றாலைத் தோப்பி எனலாம்.

'வின்டர் வார்மர்' (குளிரில் சூடேற்றும் வலுவான ஏல்) என்னும் ஆங்கிலேய வகைக்கு வெதுப்பி என்ற சொல் வேண்டாம், வெதுப்பகம் ஈழவழக்கில் பேக்கரி. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

விக்சனரி என்னும் இணைய அகராதியில் ஏற்றுமுன் ஒன்று தெரிய வேண்டும்: கூதிர்த்தோப்பி என்று சேர்த்து எழுதவா, கூதிர்த் தோப்பி என்று பிரித்தா? தேடுவோருக்குப் பிரித்தால் எளிது. நான் சேர்த்து எழுதவே விரும்புகிறேன்.