யூலை மாதத்தில் கொழும்பிலிருந்து நண்பர்களுடன் எங்கே போகலாம்?

கேள்வி:
வெள்ளவத்தையில் இருக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர், யூலை மாதத்து ஞாயிறொன்றில் புகையிரதத்தில் போய் இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய ஓர் இடத்தைத் தேடுகிறோம். எங்களுள் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. ஹிக்கடுவைக் கடற்கரை சரிவருமா?

பதில் 1:
தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை வீசுவதால் ஹிக்கடுவை இருக்கும் தென்மேற்குக் கரையெங்கும் கடல் கொந்தளிக்கும். நீச்சல் தெரிந்தவர்களுக்குங்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, அம்பலாங்கொடையில் இறங்கி, முச்சக்கரவண்டியில் பலப்பிட்டிக்குப் போய், மாதுகங்கைப் படகுச் சவாரியில் ஏறுங்கள். 2003இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில், நாம் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு ஒடுங்கிய கண்டல் வழிகளினூடாகப் படகு நுழையும். தீவொன்றில் இறக்கி, கறுவாப் பட்டையைக் கத்தியால் சுருள் சுருளாக உரிப்பதையும் காட்டுவார்கள். ஏறுவதற்கு முன்னரே கூலியைப் பேசி, உயிர்காப்பு அங்கியையும் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
போகும்போது வலப்பக்க யன்னலோரம் இருங்கள். கடல் அந்தப் பக்கந்தான்.

பதில் 3:
கடலில் இறங்கியே தீரவேண்டுமென்றால் அந்த மாதங்களில் கிழக்குக் கரைதான் பொருத்தம். பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழம் குறைவு. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல், ஓரிரவாவது தங்குங்கள்.