மறு: ‘மிஸ்ஃபயர்’ – காரணத்தை முன்கூட்டியே சொல்லாத சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினின் ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவதை ஆங்கிலத்தில் ‘மிஸ்ஃபயர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை பொறிப்பிழை, தவறெரிவு, தீமூட்டல் தவறு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் மூன்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே கோளாறு என்று தேடுகிறவருக்கு நாம் வைக்கிற பெயர் உதவ வேண்டும், அவரைத் தப்பான பக்கம் இழுத்துவிடக் கூடாது.

> பொறிப்பிழை என்பது சுருக்கமாக இருக்கிறது. பிளக்கில் பொறி வராததுதானே மிஸ்ஃபயர்?

இல்லை ஐயா. மிஸ்ஃபயர் என்பது காதில் விழுகிற, கையில் தெரிகிற ஓர் அறிகுறி. நான்கில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எஞ்சின் ஓடினால், சைலன்சர் முனைக்கு நேரே உள்ளங்கையைக் காட்டும்போது புகை சீராக வந்து அடிக்காமல் நடுநடுவே ஓர் அடி விட்டுப்போவது தெரியும். அந்த நேரத்தில் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தச் சிலிண்டரில் தீப்பொறி வரவில்லையா, தீப்பொறி வந்தும் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் போய்ச் சேரவில்லையா, இரண்டும் சரியாக இருந்தும் அமுக்கம் (கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்துவது) இல்லையா என்பதெல்லாம் இனிமேல் தேட வேண்டியவை. பெயரிலேயே பொறி என்று போட்டுவிட்டால் தேடத் தொடங்குவதற்கு முன்பே விடையை எழுதிவிடுகிறோம்.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதில்லை. என் மாமாவிடம் ஓர் அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது, பெட்ரோல் வண்டி, 1489 சி.சி., பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி சீரிஸ் எஞ்சின். ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) வண்டியே நடுங்கும், மேட்டில் இழுவை இருக்காது. பட்டறையில் பார்த்தவர் “மிஸ்ஸிங் இருக்கு, கரண்டு சரியா வரல” என்று சொல்லி பிளக் நான்கையும் மாற்றினார், அப்புறம் தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற சிபி பாயிண்ட், கண்டென்சர், கடைசியில் காயிலையும் மாற்றினார். நடுக்கம் அப்படியே இருந்தது.

பிறகு வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக, ரப்பர் பிடி போட்ட பிளேயரால் பிடித்துக் கழற்றி மாட்டுவது பழைய முறை (பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு மட்டும்தான் இது, எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் யாரும் செய்யாதீர்கள்). கழற்றியதும் எஞ்சின் வேகம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள், மாற்றமே இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. மாமாவின் வண்டியில் ஒன்றையும் நான்கையும் கழற்றினால் எஞ்சின் நின்றுவிடப் பார்த்தது, இரண்டையும் மூன்றையும் கழற்றினால் அதற்குத் தெரியவே இல்லை. இரண்டாவது பிளக்கை ஒன்றாவதில் மாற்றிப் போட்டும் கோளாறு கூடவே போகவில்லை. கழற்றிய ஒயரின் முனையை எஞ்சின் உடம்பருகே கொண்டுபோனால் நீல நிறத்தில் படபடவென்று நல்ல தீப்பொறி பாய்ந்தது. அப்போதே கரண்டு பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் ஒன்றிலும் நான்கிலும் நல்ல அளவு, இரண்டிலும் மூன்றிலும் ஏறக்குறைய பாதி. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைத்தான் (சிலிண்டர்களுக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு). ஹெட்டைத் தூக்கியபோது அந்த இடத்தில் கேஸ்கெட் கருகி அறுந்திருந்தது.

தீப்பொறியில் ஒரு குறையும் இல்லாத அந்தக் கோளாறை ‘பொறிப்பிழை’ என்று எப்படி எழுதுவது?

> பொருளாதாரத் தடைக் காலத்தில எங்கட பழைய ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்.

போர்க்காலத்தில் பெட்ரோல் வராமல் தடுக்கப்பட்டபோது ஆஸ்டின், மோரிஸ் கார்களை ஓட்டிய விதம் பற்றி யாழ்ப்பாணத்து அண்ணா போகிறபோக்கில் எழுதிய இந்த இரண்டு வரிதான் எனக்கு இந்த இழையிலேயே மிக முக்கியமானதாகப் பட்டது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் போதிய அளவு ஆவியாகாது, துளியாகவே நிற்கும். பிளக் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, தீப்பொறி விழுகிறது, ஆனால் பற்றிக்கொள்ள அங்கே ஆவி இல்லை. சூடேறிய பிறகு அதே பிளக், அதே பாயிண்ட், அதே எண்ணெய், வண்டி ஓடுகிறது. ஆக இங்கே தவறுவது எண்ணெயும் காற்றும் சேர்ந்த கலவை.

தீப்பொறிப் பக்கக் கோளாறு குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. பாயிண்ட் வைத்த வண்டியில் அதுதான் அதிகம், அதில் சில ஆளை அலைக்கழித்துவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் ரோட்டரையும் எடுத்தால், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து ஒரு மெல்லிய பின்னல் ஒயர் எர்த்துக்குப் போவது தெரியும். ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது எஞ்சினின் உறிஞ்சல் (வாக்குவம்) அந்தத் தட்டை இழுத்துத் திருப்பும், தட்டோடு சேர்ந்து ஒயரும் வளையும். ஆண்டுக்கணக்கில் இப்படி வளைந்து வளைந்து உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும், மேலே பார்த்தால் ஒயர் முழுதாகத்தான் இருக்கும். ஐட்லிங்கில் வண்டி அருமையாக நிற்கும், கொஞ்சம் வேகம் கொடுத்தால் திணறும், எல்லாரும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டுக் கழற்றுவார்கள். கண்டுபிடிக்க வழி எளிது: எஞ்சினை நிறுத்திவிட்டு, வாக்குவம் குழாயின் கார்பரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் தட்டு திரும்பும், அந்த நேரத்தில் தட்டுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தால் இணைப்பு விட்டு விட்டு வருவது தெரிந்துவிடும். பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலம் என்று ஃபீலர் கேஜ் வைத்து எத்தனை முறை சரிசெய்தாலும் இந்தக் கோளாறு போகாது.

இதை ‘தீப்பொறித் தவறல்’ என்று தாராளமாகச் சொல்லலாம். மாமா வண்டியில் இருந்தது அமுக்கத் தவறல், யாழ்ப்பாணத்தில் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் விட்டால் நடப்பது கலவைத் தவறல். இவை சோதித்த பிறகு எழுதுகிற பெயர்கள். சோதிக்கும் முன் சொல்ல ஒரு பொதுப்பெயர் வேண்டும், நாம் தேடுவது அதைத்தான்.

இன்னொன்று, பொறி என்று தனியாக விட்டால் குழப்பம் வரும். வெப்பப் பொறி, நீராவிப் பொறி என்று படித்து வந்த மாணவனுக்குப் பொறி என்றால் எஞ்சின். அவன் ‘பொறிப்பிழை’யை எஞ்சின் கோளாறு என்றுதான் படிப்பான். பிளக்கில் வருவதைத் தீப்பொறி என்று முழுதாகவே எழுதிவிடுவோம்.

> அப்படியானால் தவறெரிவு பொதுவாக இருக்கிறதே?

பொதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறெரிவு என்றால் தவறாக எரிவது. மிஸ்ஃபயரில் எரிவதே இல்லை, அல்லது அரைகுறையாக நின்றுவிடுகிறது. தவறாக எரிகிற கோளாறு வேறே இருக்கிறது, எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டும் நாக்கிங் அந்த வகை, நேரத்துக்கு முன்பே கலவை தானாகப் பற்றுவதும் அந்த வகை. அவற்றுக்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

தீமூட்டல் தவறு என்பதில் சிக்கல் வினையில் இருக்கிறது. மூட்டுவது ஒருவர் செய்கிற வேலை, பற்றுவது தானாக நடப்பது. ஈர விறகை வைத்துக்கொண்டு “மூட்டிட்டேன், பத்த மாட்டேங்குது” என்று சொல்கிறோமே, அங்கேயே வித்தியாசம் இருக்கிறது. பிளக் மூட்டுகிறது, கலவை பற்றுகிறது. மூட்டல் என்று வைத்தால் பழி மறுபடி பிளக்கின் தலையில் விழும். பற்றல் என்று வைத்தால் நடக்க வேண்டியது நடக்கவில்லை என்பது மட்டும் சொல்லப்படும், யார் காரணம் என்பது திறந்தே இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை பற்றுத்தவறல்.

இதை வினையாக்கிப் பார்த்தேன். “மூன்றாவது சிலிண்டர் பற்றுத்தவறுகிறது”, “சூடான பிறகுதான் பற்றுத்தவறுது”, “பற்றுத்தவறும் சிலிண்டரின் பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கும்”. எங்கும் முட்டவில்லை. பட்டறையில் “மிஸ் அடிக்குது” நிலைத்ததற்குக் காரணமே அது வினையாக நாக்கில் ஓடுவதுதான், பெயராக மட்டும் நிற்கிற கலைச்சொற்கள் பாடப்புத்தகத்தைத் தாண்டி வருவதில்லை. பற்று என்றால் பாசம், பற்று வரவு என்றெல்லாம் வேறு பொருளும் உண்டு என்று சொல்வீர்கள். பற்றவைப்பு, தீப்பற்றியது என்று தினமும் சொல்கிற மொழியில் எஞ்சினைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இதே அடியிலிருந்து மற்றவையும் வரும். நேரத்துக்கு முன்பே பற்றினால் முன்பற்றல். சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், உள்ளே படிந்த கார்பன் கனன்று எஞ்சின் கொஞ்ச நேரம் உதறிக்கொண்டே ஓடுமே, அது பின்பற்றல் ஆகாது, ‘பின்பற்றுதல்’ ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. நின்றபின் பற்றல் என்று இரண்டு சொல்லாகவே வைக்கலாம்.

மெக்கானிக்குகள் நாளையிலிருந்து பற்றுத்தவறல் என்று சொல்லப்போவதில்லை, சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பேச்சில் மிஸ்ஸிங் இருக்கட்டும். ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலைய) மாணவனுக்குக் கையேடு எழுதுகிறவருக்கும், கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுகிறவருக்கும்தான் இது.

பதிவுக்கு இப்படி எழுதலாம், திருத்துங்கள்:

பற்றுத்தவறல் – எஞ்சினின் ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ, எரிய வேண்டிய நேரத்தில் கலவை பற்றாமலோ அரைகுறையாகப் பற்றியோ போவது. காரணம் தீப்பொறி, கலவை, அமுக்கம் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். பேச்சுவழக்கு: மிஸ்ஸிங், மிஸ் அடித்தல்.

அடுத்து பேக்ஃபயரை எடுத்துக்கொள்ளலாமா? கார்பரேட்டர் வழியாகத் திருப்பி அடிப்பதும், சைலன்சரில் வெடிப்பதும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில் போகின்றன. எங்கள் பக்கம் முதலாவதை “பேக் அடிக்குது” என்றும் இரண்டாவதை “சைலன்சர்ல வெடிக்குது” என்றும் பிரித்தே சொல்கிறார்கள். மதுரைப் பக்கம், யாழ்ப்பாணம், மலேசியாவில் என்ன சொல்கிறார்கள் என்று அங்கே இருப்பவர்கள் எழுதினால், இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்துவிடலாம்.