விரல்ல கிளிப் இருக்கையில நெத்தியில எதுக்கு ஸ்டிக்கர்? (பாப்பாவுக்கு மூளை ஆபரேஷன்)

முகப்புத்திண்ணை:
வணக்கம். கானாடுகாத்தான் நமக்கு. மகளுக்கு 4 வயசு, 14 கிலோ, சிறுமூளையில கட்டின்னு எம்ஆர்ஐல வந்து வர்ற புதன்கிழமை மதுரையில ஆபரேஷன். குப்புறப் போட்டு பின்னந்தலையைத் திறப்பாகளாம். நேத்து மயக்க டாக்டர் கூப்பிட்டுப் பேசுனாக, பொறுமையாத்தான் சொன்னாக, எனக்குத்தான் பாதி காதுல ஏறல. விரல்ல மாட்டுற கிளிப் போக நெத்தியில ரெண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டி மூளையில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பார்ப்பாகளாம். நான் முழிக்கிறதப் பாத்துட்டு பழைய ஸ்டிக்கர் ஒண்ணை என் நெத்தியிலயே ஒட்டிக் காட்டுனாக, விரல்ல 98, நெத்தியில 66. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு, 66னா நான் பாஸா பெயிலா? இதுல மச்சான் வேற, பெரிய ஆஸ்பத்திரியில மூளைக்குள்ளயே ஒயர் விட்டு அளக்கிறாக அங்க மாத்திருன்னு ஒரே பிடிவாதம். ஆயாவுக்குக் கவலை, பிள்ளை மண்டைக்குள்ள லைட் அடிச்சா ஏதும் ஆகிடாதான்னு. யாராச்சும் தெரிஞ்சவுக சொல்லுங்க.

தியேட்டர்_தம்பி:
அண்ணே நான் 11 வருசமா ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க டெக்னீசியன், அதனால இது தினம் பாக்குற விசயம். மொத உங்க 66 நார்மல்தான், பொதுவா 60லேர்ந்து 80க்குள்ள இருக்கும்.

நம்ம ஊரு கல்யாணப் பந்திய நெனச்சுக்கோங்க. சாம்பார் வாளி ஆக்குப்பெரையிலருந்து நிறைஞ்சு கிளம்புதான்னு பாக்குறதுதான் விரல் கிளிப். பந்தி முடிஞ்சு திரும்பி வர்ற வாளியில மிச்சம் எவ்வளவுன்னு பாக்குறது நெத்தி ஸ்டிக்கர். அது பாக்குற ரத்தத்துல முக்கால்வாசி, மூளை ஆக்ஸிஜனை எடுத்துக்கிட்ட பிறகு திரும்புற ரத்தம், அதான் நம்பர் கம்மியா தெரியுது. வாளி நிறைஞ்சுதான் கிளம்புது, ஆனா ரெண்டு தடவை வரவேண்டிய எடத்துல ஒரு தடவைதான் வருதுன்னா பந்தியில ஆளுக காலி இலையோட உக்காந்திருப்பாகல்ல, அது விரல் கிளிப்புக்குத் தெரியவே தெரியாது, அங்க 100தான் காட்டிக்கிட்டிருக்கும். திரும்புற வாளி காலியா வர்றதால நெத்தி ஸ்டிக்கர்லதான் நம்பர் இறங்கும்.

எப்ப அப்படி ஆகும்னா பிபி இறங்குனா, ரத்தம் போனா, குப்புறப் போடையில கழுத்து மடங்கி தலையிலருந்து ரத்தம் இறங்குற குழாய் நசுங்குனா. இன்னொன்னு, மூளை உப்பாம இருக்க வென்டிலேட்டர்ல மூச்சைக் கொஞ்சம் கூட்டி வைப்பாக, அது ஓவரா போனா கார்பன் டை ஆக்சைடு இறங்கி மூளை ரத்தக்குழாயே சுருங்கிரும். உங்க பாப்பா வெயிட்டுக்கு உடம்புல மொத்த ரத்தமே ஒரு லிட்டர் சுமார்தான், 200 மில்லி போனாலே அஞ்சுல ஒரு பங்கு, பெரியவுகளுக்கு அது ஒரு பாட்டில் தானம் குடுக்குறதவிடக் கம்மி.

நாங்க தனி நம்பரை விட ஆரம்பத்துல எடுத்த நம்பர்லேர்ந்து எவ்வளவு இறங்குதுன்னுதான் பாப்போம். 20 சதவீதம் இறங்குனா டாக்டர் உடனே கழுத்து, பிபி, கார்பன் டை ஆக்சைடு, ரத்த அளவுன்னு ஒவ்வொண்ணா தேடுவாக.

லைட்டப் பத்தி ஆயாட்ட சொல்லுங்க, கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்குப் பக்கத்து ஒளி, டிவி ரிமோட்டுல வர்ற மாதிரி. 1977ல ஜோப்சிஸ்ங்கிறவர் கண்டுபிடிச்ச வழி. சின்னப் பிள்ளைகளுக்கு மண்டையோடு மெலிசுங்கிறதால ஒளி இன்னும் நல்லா உள்ள போகும்.

தேவகோட்டை_அம்மா:
தம்பி, என் மகனுக்கு 7 மாசத்துல மண்டையோடு சீக்கிரம் ஒட்டிக்கிச்சுன்னு ஆபரேஷன் பண்ணுனோம், அவனுக்கும் ஒட்டுனாக. வெளிய வந்தப்ப நெத்தியில ரெண்டு சதுரமா செவந்த தடம், நான் சுட்டுருச்சுன்னு அழுதுட்டேன், பிளாஸ்திரி அழுத்துன தடம்தானாம் மறுநா மறைஞ்சிருச்சு. இப்ப ரெண்டாங்கிளாஸ், ஒரு எடத்துல உக்கார மாட்டான். ஒண்ணு சொல்றேன், அன்னைக்குக் காலையில நெத்தியில எண்ணெய், மை, திருநீறு எதுவும் வேணாம், துடைச்சுத் துடைச்சு ஒட்டவே நேரமாச்சு.

சும்மா_கேக்குறேன்:
எல்லாம் சரி, இந்த மிசின் இருந்தா பிள்ளைக நல்லாயிருக்குன்னு நிரூபிச்சிருக்காகளா? குறைமாசப் பிள்ளைகளுக்கு 1601 பேரை வச்சுப் பண்ணுன பெரிய ஆராய்ச்சி 2023ல வந்துச்சு, இதைப் பாத்து வைத்தியம் பண்ணுனதால சாவோ மூளைப் பாதிப்போ குறையல. ஸ்டிக்கருக்குத் தனி பில் வேற போடுவாக.

தியேட்டர்_தம்பி:
நியாயமான கேள்வி அண்ணே. அது பொறந்த மொத மூணு நாளு குறைமாசப் பிள்ளைகளுக்குப் பண்ணுனது, ஆபரேஷன் டேபிள்ல ரத்தம் போற பிள்ளைக கதை வேற. ஆனா மூளை ஆபரேஷன்லயும் இது கட்டாயம்னு யாரும் சொல்லிடல, இதய ஆபரேஷன்லதான் ரொம்பப் பழக்கம். இன்னொரு ஓட்டையும் நானே சொல்லிடுறேன், ஸ்டிக்கர் பாக்குறது நெத்திக்குப் பின்னாடி ரெண்டு மூணு சென்டிமீட்டர் மட்டுந்தான். பாப்பாவுக்கு வேலை நடக்குறது பின்னாடி சிறுமூளையில, அங்க என்ன நடக்குதுன்னு இது சொல்லாது. குப்புறப் படுக்கையில தலைமெத்தை நெத்தியை அழுத்துனா நம்பரும் தப்பாகும். ஒயர் விடுறது தலையில பலமா அடிபட்டு ஐசியூல கெடக்குறவுகளுக்குத்தான் பெரும்பாலும், மண்டையில துளை போட்டு உள்ள விடணும், உங்களுக்கு எதுக்கு அது. இதுக்காக எல்லாம் ஆஸ்பத்திரி மாத்தாதீங்க. பிள்ளைகளுக்கு மயக்கம் குடுத்துப் பழகுனவுக இருக்காகளா, ஆபரேஷன் முடிஞ்சு பிள்ளைக ஐசியூ இருக்கான்னு மட்டும் கேளுங்க.

முகப்புத்திண்ணை:
ரொம்ப நன்றி, பந்திக் கதையை அப்படியே மச்சான்ட்ட சொன்னேன், பய வாயை மூடிட்டான். ரெண்டு கேள்வியும் இன்னைக்குப் போன்ல கேட்டுட்டேன், ரெண்டும் இருக்காம். ஒரே பிரச்சனை ஆயாதான், பிள்ளையார்பட்டி திருநீறு வாங்கி வச்சிருக்காக, நெத்தியில வைக்கக்கூடாதுன்னதும் முகம் வாடிருச்சு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி கழட்டுற வரைக்கும் என்ட்ட இருக்கட்டும்னு முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டாக.