ஆக்சில் ஹவுசிங்கை வீட்டிலேயே குட்டையாக்கியவர்கள் உண்டா?

பெரம்பூர் பத்மினி

பின்சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்தாமல் இருக்க, அவற்றுக்கு இடையே குறுக்காக ஓடும் குழாய்க்கூடான ஆக்சில் ஹவுசிங்கை வெட்டினேன். அதற்கு மேல் விளக்கம் இங்கு யாருக்கும் தேவைப்படாது என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் பத்மினி காருக்காகப் புதுப்பேட்டையில் வாங்கிய பேஞ்சோ ஹவுசிங்கில் (நடுவில் உருண்டையாகப் புடைத்து, கியர் பகுதியைத் தனியே கழற்றக்கூடிய வகை) பக்கத்துக்கு 40 மி.மீ. வெட்டியெடுத்தோம். பின்பு டிஃபரென்ஷியல் கியர்களைத் தாங்கும் கேரியரைக் கியர் இல்லாமல் காலியாகப் பூட்டி, அதன் பேரிங் இருக்கைகளிலும் இரு முனைகளிலும் வட்டுகளைப் பொருத்தி, அம்பத்தூரில் கடைந்து வாங்கிய நேரான பாரை, குழாய்கள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க, அவற்றின் ஊடே நுழைத்து, வீட்டு ஷெட்டிலேயே பற்றவைத்தோம். வெல்டர் அண்ணன் எதிரெதிர்ப் புள்ளிகளில் டேக் (தற்காலிகச் சிறு வெல்டிங்) வைத்து, ஓர் அங்குலம் ஓட்டியதும் ஆறவிட்டு, மறுபுறம் திருப்பி ஓட்டினார். குழாய்கள் முழுவதும் இணைந்த பிறகும் பார் ஒற்றை விரலுக்குச் சுழன்றது.

அதன் பின்னர் குழாயின் அடிப்புறத்தில் ஸ்பிரிங் இருக்கைகளைப் பற்றவைத்தோம். ஆறியபின் கைவைத்தால், இருவர் சேர்ந்து முறுக்கியும் பார் அசையவில்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் கேஸ் டார்ச்சை எடுத்து, இருக்கைக்கு நேர் எதிரே குழாயின் மேல்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தை மட்டும் சிவக்கச் சூடேற்றி, அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, பார் சுழன்றுவிட்டது! அடியில் ஓட்டிய வெல்டிங் சுருங்கிக் குழாயைக் கீழே இழுத்திருந்தது என்றும், மேலே காட்டிய சூடு அதே வழியில் அதை மீட்டது என்றும் அவர் விளக்கியது புரிகிறது. ஆனாலும் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டும்போதெல்லாம் அந்த 'டக்' என் காதில் விழுகிறது. இப்படி நேராக்கிய ஹவுசிங்கை நீண்ட காலம் ஓட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தாம்பரம் சாலை

ஹவுசிங்கைப் பற்றி எழுதிய நண்பர் அதனுள்ளே ஓடிச் சக்கரத்தைச் சுழற்றும் சாஃப்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, என்னை இன்றும் உறுத்துவது அதுதான். என் ஹவுசிங்கைக் குட்டையாக்கி முடித்ததும், வெட்டிய சாஃப்டுக்கு ஸ்லீவ் (இணைப்புக் குழல்) போட்டுப் பற்றவைத்துத் தருவதாக ஒரு பட்டறையில் மிகச் சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பாததால், புதுப்பேட்டையில் பழைய கியர் சாமான் விற்கும் பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். "பாய், இதை ஒட்டலாமா?" என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. கடைக்குள்ளிருந்து ஓர் அரத்தை எடுத்து வந்து சாஃப்டின் மேல்பரப்பில் இழுத்தார், அரம் கண்ணாடிமேல் போல வழுக்கியது. பின்பு வெட்டிய முகத்தின் நடுவில் இழுத்தார், துகள் உதிர்ந்தது. "மேல்தோல்தான் தம்பி பலம், அதை நெருப்பில் காட்டினால் என்ன மிஞ்சும்?" என்றார்.

என் சாஃப்ட் நடுப்பகுதியை நோக்கி மெலிந்து செல்லும் வகை என்பதால், வெட்டிய இடத்தில் புதிதாக ஸ்பிளைன் (கியரோடு இணையும் பற்கள்) வெட்டவும் சதை போதவில்லை. கடைசியில் முழுத்தண்டாக வேறு சாஃப்ட் கடைந்து, ஸ்பிளைன் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கொடுத்தேன். செலவு ஹவுசிங் வேலையை விஞ்சிவிட்டது. செமி ஃபுளோட்டிங் ஆக்சிலில் வண்டியின் எடையையும் அந்தத் தண்டுதான் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரம் டிரம்மோடு வெளியே போய்விடலாம்.

மயிலாப்பூர் கேரேஜ்

இருவரின் பதிவுகளையும் படித்தேன். சிவக்கச் சூடேற்றிய எஃகின்மேல் ஈரச்சாக்கைப் போட்டால் அந்த இடம் கெட்டிப்பட்டு விரிசல் விடும் என்பதால், அந்த வெல்டரின் வித்தையை நான் ஏற்கமாட்டேன்.

என் அனுபவம் சிறியது. பதிவுப் புதுப்பிப்புக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் பின்சக்கரம் வெளியே துருத்திய ஒரு பழைய கார் நின்றது. ஆய்வாளர் அளவு நாடாவை எடுக்கவேயில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார், அது நுழையவில்லை, வண்டியைத் திருப்பியனுப்பிவிட்டார். ஆகவே வெட்டத் துணிபவர்கள் முதலில் சட்டத்தைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றுவது பற்றிய 52-ஆவது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத்தான்.

இதையும் மீறி வெட்டுவதென்றால், முதலில் ஆஃப்செட் மாறிய (சக்கரத்தை உள்தள்ளி நிறுத்தும்) ரிம் போட்டு இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பழைய பாடிகள் இருபுறமும் சமமாக இருப்பதில்லை என்பதால் மட்கார்டிலிருந்து அளக்காமல் ஸ்பிரிங் மையத்திலிருந்து அளக்கவும். வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இறங்கிய நிலையில் பினியன் (எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் சுழற்சியை வாங்கும் கியர்) கோணத்தைச் சரிபார்த்த பிறகே இருக்கைகளுக்கு முழு வெல்டிங் செய்யவும், இல்லையென்றால் கியர்பாக்சிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் புரொப்பல்லர் சாஃப்ட் அதிரும். பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றின் நீளத்தையும் மறந்துவிடாதீர்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கலாம், அதன் பின்புறம் ஸ்விங் ஆக்சில் (ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அமைப்பு) என்பதால் வெட்டுவதற்கு ஹவுசிங் குழாயே கிடையாது.

ராயபுரம் ராடு

மயிலாப்பூர் ஐயா, ஹவுசிங் குழாய் என்பது கார்பன் குறைந்த எஃகு. அது தண்ணீரில் கெட்டிப்படும் ரகம் அல்ல என்பதால், பெரம்பூர் நண்பர் அந்த ஈரச்சாக்குக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதே வித்தையைச் சாஃப்டில் காட்டினால்தான் ஆபத்து. ஹெரால்டின் ஸ்விங் ஆக்சிலோடு நம்மூர் மெக்கானிக்குகள் பட்ட பாட்டையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். அதன் வழிவந்த கேசல் காரில் அந்த நிறுவனமே சாதாரண ஆக்சிலுக்குத் திரும்பியது.

நான் பார்த்தது வேறு. என் மைத்துனரின் ஹவுசிங்குக்கு முதல் டேக் வைத்த சில நொடிகளில், பிரீதர் (காற்றுப்போக்கி) துளையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தீ சீறியது. வெளியே பளபளவென்று துடைத்திருந்தாலும், பல்லாண்டுகள் ஊறிய, கந்தகம் கலந்த ஈ.பி. 90 கியர் ஆயில் குழாயின் உள்ளே படலமாக ஒட்டியிருந்திருக்கிறது. கந்தக நாற்றம் தெருமுனை வரை அடித்ததால், எதிர் வீட்டு அம்மா கேஸ் சிலிண்டர் கசிவென்று நினைத்து எல்லோரையும் வெளியே அழைத்துவிட்டார். அந்த டேக்கை அரைத்துப் பார்த்தபோது உள்ளே முழுவதும் காற்றுத் துளைகளாக இருந்தது. காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி உட்புறத்தைக் கழுவி, வெயிலில் காயவைத்து, 7018 வெல்டிங் ராடையும் சூடேற்றி ஈரம் போக்கிய பிறகே மைத்துனர் மீண்டும் ஹோல்டரைக் கையில் எடுத்தார்.