லாங் ரைபிளில் ட்ரிகர் பின்: எவ்வளவு உயரத்தில்?

வணக்கம். பென்சில்வேனியா பாணி ஃபிளிண்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும்) லாங் ரைபிள் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், ஒற்றை ட்ரிகர். லாக்கும் (சுடும் இயந்திரப் பகுதி) ட்ரிகர் பிளேட்டும் (ட்ரிகர் நுழைந்து நிற்கும் தகடு) கட்டையில் பதித்தாயிற்று. ட்ரிகர் சுழலும் அச்சான பின்னைத் தற்காலிகமாக, சியர் (சுத்தியலைப் பிடித்து வைத்து, ட்ரிகர் தள்ளும்போது விடும் கொண்டி) கம்பிக்கு அரை அங்குலம் முன்னால், பிளேட்டை ஒட்டித் தாழ்வாகப் போட்டுப் பார்த்ததில் இழுவை 8 பவுண்டு. லாக்கைக் கழற்றி சியரை விரலால் அழுத்தினால் லேசாகவே விடுகிறது. ஆகவே கோளாறு லாக்கில் இல்லை, நெம்புகோல் கணக்கில்தான்.

பின்னை உயர்த்தி, சியருக்குக் கால் அங்குலத்துக்குள் கொண்டுவந்தால் இழுவை குறையும், ஆனால் விரல் நகரும் தூரம் கூடும். இந்த இரண்டையும் எங்கே சமன் செய்கிறீர்கள்? பின்னுக்குக் கட்டையிலேயே குறுக்காகத் துளை போடுவதா, பிளேட்டின் மேல் காது வைத்து பிரேஸ் செய்வதா (பித்தளை உருக்கி ஒட்டுவது)? ஈரக்காற்றில் கட்டை ஊதினால் அளவு மாறுமே என்றுதான் யோசனை.

இன்னொன்று, அரைக் காக்கில் (சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்திய பாதுகாப்பு நிலை) ட்ரிகர் சியரை முட்டக் கூடாது. முட்டினால் சியர் மூக்கு டம்ளரின் (சுத்தியலோடு சுழலும் உள் துண்டு) பள்ளத்தில் முழுதாக இறங்காது, அது ஆபத்து. அதற்காக மேல்விளிம்பை அரத்தால் தேய்த்தால் முழுக் காக்கில் ட்ரிகர் கடகடவென்று ஆடுகிறது. மெல்லிய ஸ்பிரிங் போதுமா?

செட் ட்ரிகர் (முதலில் ஸ்பிரிங்கை ஏற்றி வைத்து, பிறகு லேசாகத் தொட்டாலே விடும் வகை) மட்டும் சொல்லாதீர்கள். டம்ளரில் ஃப்ளை (சியரை அரைக் காக் பள்ளத்தைத் தாண்டவைக்கும் சிறு துண்டு) இல்லை; சியர் அரைக் காக் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.